பொம்பளை ஜவ்வு

அந்தப் பள்ளிக்கூடத்தில் மைதானம் தரையில் இருந்தது, விளையாட்டு டீச்சரின் அறை மூன்றாவது மாடியில் இருந்தது. பந்து, விசில், வலை, முதலுதவிப் பெட்டி, ஐஸ் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ் எல்லாமே மேலே. கீழே ஒரு பிள்ளைக்கு அடிபட்டால் ஐஸுக்காக மேலே ஓட வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்த மகராசன் யார் என்று டீச்சர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. மைதானத்தை ஒட்டிக் கீழே ஒரு நல்ல அறை இருக்கத்தான் இருந்தது. தாளாளரைப் பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் உட்கார்ந்து டீ குடிப்பதற்கென்று அதில் சோபா போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஐம்பத்தொரு வயதில் அந்தப் படிகளை நாள் முழுக்க ஏறி இறங்கினார் டீச்சர். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவருடைய இடது முட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். டீச்சர் நின்று, குனிந்து, அதைத் திட்டுவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் சக்களத்தி. "ஏன்டி, இன்னும் நாலு படிதானே, அதுக்குள்ள உனக்கு என்ன கேடு" என்று ஆரம்பித்து, மூச்சு சீராகும் வரை திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மேலே போவார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துச் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். பழைய பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். டீச்சரின் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். சத்தம் வந்தால் எங்கேயோ நட்டு லூஸாகியிருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தன் சட்டையைத் தானே துவைத்துப் போட்டுக்கொண்டவர்.

அந்த முட்டி கெட்டது பதினேழு வயதில். டீச்சர் அப்போது தன் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருந்தார். பெயருக்கு இருக்கவில்லை, அவர் கைக்குப் பந்து போனால் எதிரணிப் பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். ஓர் இறுதிப் போட்டியில், வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காகக் குதித்தார். பந்து கைக்கு வந்தது. கால் தரைக்கு வந்தபோது முட்டிக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. அன்றைக்குப் பார்த்த டாக்டர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்த பெண்ணை விட்டுவிட்டு அவளுடைய அப்பாவிடம் பேசினார். "பொம்பளைப் பிள்ளைக்கு ஜவ்வு மெல்லிசுங்க. இதையெல்லாம் எதுக்கு ஆட விட்டீங்க?" அப்பா தலையை ஆட்டினார். அதோடு ஆட்டம் முடிந்தது.

டீச்சர் அதை நம்பினார். நம்பாமல் என்ன செய்வது, சொன்னவர் டாக்டர், கிழிந்தது தன் முட்டி. தன் உடம்புதான் நல்ல நேரம் பார்த்துத் தன்னைக் கவிழ்த்துவிட்டது என்று முப்பத்துநான்கு வருஷமாக அதன் மேல் ஒரு வன்மம் வைத்திருந்தார். இந்த வருஷம் வலி தாங்காமல் வேறொரு டாக்டரிடம் போனார். அந்த ஆள் எக்ஸ்ரேயை உறையிலிருந்து வெளியே எடுக்கக்கூட இல்லை, அதற்குள் "வயசாயிடுச்சில்லம்மா" என்றுவிட்டார். வீட்டுக்கு வந்து டீச்சர் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. பதினேழில் கேட்டால் பெண் உடம்பு என்கிறார்கள், ஐம்பத்தொன்றில் கேட்டால் வயசு என்கிறார்கள், நடுவில் ஒரு நாளாவது என் முட்டி இவர்களுக்குச் சரியான முட்டியாக இருந்ததா என்று வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டார். அந்த மனிதர் எண்ணெய்ப் பேச்சை எடுக்காமல் டீ போட்டுக் கொடுத்தார்.

பள்ளியில் டீச்சரின் உயிர் பெண்கள் கூடைப்பந்து அணி. சொல்லப்போனால் அதற்காகத்தான் அவர் அந்தப் படிகளையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார். அணியின் நட்சத்திரம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் அவளை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றார்கள், கூப்பிடச் சௌகரியமாக ஒட்டடை. அவளுடைய அம்மா தெருமுனையில் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தார். ஒட்டடை குதித்தால் ஒரு கணம் மேலேயே நின்றுவிட்டு, பிறகு மனசு வந்து இறங்குகிறாளோ என்று தோன்றும்.

ஒவ்வொரு வருஷமும் வெளிப் போட்டிகளுக்கு முன்னால் தாளாளர் முன்னிலையில் ஓர் ஆட்டம் நடக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முறை. பூட்டிய அறையிலிருந்து சோபாக்களைத் தூக்கி வந்து வளையத்துக்கு நேர் கீழே, கோட்டை ஒட்டிப் போடுவார்கள். நிழல் அங்கேதான் விழுகிறதாம். தாளாளரும் நிர்வாகக் குழுவும் அதில் சாய்ந்து டீ குடித்தபடி பார்ப்பார்கள். பெண்கள் அணிக்கு மடிப்பு வைத்த மெரூன் பாவாடை, முட்டிக்கு மேலே நான்கு விரற்கடை. பையன்களுக்குத் தொளதொள கால்சட்டை. பெண்களுக்கும் கால்சட்டை கொடுங்கள் என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டார். முதல் தடவை அது பள்ளியின் அடையாளம் என்றார்கள். இரண்டாவது தடவை ஒழுக்கம் என்றார்கள். எந்தக் கோணத்தில் பார்த்தால் காற்றில் பறக்கிற பாவாடை ஒழுக்கமாகவும் முட்டியை மூடுகிற கால்சட்டை ஒழுக்கக்கேடாகவும் தெரிகிறதோ, அந்தக் கோணம் டீச்சருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த வருஷ ஆட்டத்தில்தான் ஒட்டடை விழுந்தாள். சோபாக்களுக்கு முன்னால் பந்துக்காக எழும்பினாள், பந்தைப் பிடித்தாள், இறங்கினாள், இரண்டு முட்டியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, சரிந்தாள். அந்தச் சத்தம் பெரிய சத்தம் இல்லை. ஆனால் டீச்சருக்கு அது தெரிந்த சத்தம். இரண்டு வருஷத்தில் அணியில் இது மூன்றாவது முட்டி. மூன்று மாடி ஏறி, சக்களத்தியைத் திட்டக்கூட நேரமில்லாமல், ஐஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் தாளாளர் தன் டீக் கோப்பையைப் பத்திரமாக நகர்த்தி வைத்திருந்தார். பிள்ளையை யாரும் தொடவில்லை.

ஒட்டடையைப் பார்த்த எலும்பு டாக்டரம்மா நல்ல மாதிரி. நிதானமாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். மூன்று பிள்ளைகளுக்கு அடிபட்டுவிட்டதால் பெற்றோர் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் வாயை அடைக்கத் தாளாளர் டாக்டரம்மாவையே பள்ளிக்குக் கூப்பிட்டுப் பேச வைத்தார். டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் முட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார். தொடை எலும்பின் அடியில் இரண்டு குமிழ், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் குறுக்காக ஓடுகிறது இந்த ஜவ்வு. கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் இழுத்துப் பிடிப்பது இதன் வேலை. சின்னக் குழந்தைகளுக்கு ஜவ்வைவிட எலும்புதான் இளசு. அதனால் அவர்கள் விழுந்தால் ஜவ்வு நின்றுகொண்டு, அது ஒட்டியிருக்கிற எலும்புத் துண்டு பெயர்ந்து வருவது உண்டு. வயசுக்கு வந்த பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் பெண்களுக்கு அந்தப் பள்ளம் குறுகல், ஜவ்வும் மெல்லிசு. வயசாக ஆக எல்லோருக்குமே அதன் இழைகள் தளர்கின்றன, பலம் குறைகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், சராசரியை வைத்து ஒருத்தரை எடை போட முடியாது என்றும் சொன்னார். "அதனால பொண்ணுங்க விளையாடும்போது நாம முக்கியமா கவனிக்க வேண்டியது என்னன்னா" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது டீ வந்துவிட்டது.

டீ வந்தால் அந்தப் பள்ளியில் எதுவும் நிற்கும். தாளாளர் எழுந்து கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பிளாஸ்டிக் முட்டி மேஜையில் அநாதையாகக் கிடந்தது. டாக்டரம்மா மிச்சத்தைச் சொல்வதற்கு வாயைத் திறந்தார், அதில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து உபசரித்தார்கள்.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் தன் முடிவைச் சொன்னார். விஞ்ஞானமே சொல்லிவிட்டது, பெண்களுக்கு ஜவ்வு மெல்லிசு. பெற்றோர் நாளைக்கு வழக்குப் போட்டால் யார் பதில் சொல்வது. பெண்கள் அணியைக் கலைத்துவிடலாம், அந்த நேரத்தைப் பையன்களுக்குக் கொடுக்கலாம், பெண்களுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுக்கலாம். அடுத்த வாரம் பையன்கள் ஆட்டம் பார்க்க நிர்வாகக் குழு வரும்போது கையெழுத்தாகிவிடும் என்றார். சொல்லிவிட்டுத் தான் ஏதோ அந்தப் பிள்ளைகளைத் தீயிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த அறையில் கெமிஸ்ட்ரி சாரும் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் ஆசிரியர்களுக்குள் நடந்த ஆட்டத்தில், பந்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் தானாகத் தடுக்கி விழுந்து, இதே ஜவ்வைக் கிழித்துக்கொண்டவர். பள்ளியே ஆப்பிளும் ஆரஞ்சுமாக அவர் வீட்டுக்குப் படை எடுத்தது. தாளாளர் நேரில் போய்ப் பார்த்தார். கெமிஸ்ட்ரி வாத்தியார்களின் முட்டிக்குப் பந்தாட்டம் ஒத்துவராது என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை. டீச்சர் எழுந்து நின்று இதை அப்படியே கேட்டார். கெமிஸ்ட்ரி சார் தன் முட்டியை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அது விபத்து டீச்சர்" என்றார் தாளாளர்.

"அவருக்குக் கிழிஞ்சா விபத்து. எனக்குக் கிழிஞ்சா வயசு. இந்தப் பிள்ளைக்குக் கிழிஞ்சா பொறப்பே தப்பு. அப்படித்தானே சார்?"

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டம் முடிந்தது. வெளியே வந்தபோது இரண்டு மூன்று டீச்சர்கள் ரொம்ப நன்றாகக் கேட்டீர்கள் என்று காதோடு சொன்னார்கள். உள்ளே இருந்தபோது அவர்களுக்கெல்லாம் எங்கே போயிருந்ததோ நாக்கு.

சாயங்காலம் டீச்சர் ஒட்டடையைப் பார்க்கப் போனார். அம்மா முன்னறையில் இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் பள்ளிப் பாவாடைகள் மடிப்பு மடிப்பாக அடுக்கியிருந்தன. உள்ளே கட்டிலில் ஒட்டடை, காலுக்கு அடியில் இரண்டு தலையணை. ஆபரேஷன் செய்ய வேண்டும், எலும்பு வளர்கிற இடம் இன்னும் முழுதாக மூடவில்லை என்பதால் புது ஜவ்வு பொருத்த எலும்பில் துளை எங்கே போடுவது என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும், எப்படியும் இந்த வருஷ ஆட்டம் போனது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டீச்சர் எப்படிம்மா இருக்கே என்று கேட்டார். பெண் தன் முட்டியை ஒரு விரலால் குத்தினாள். "இந்தச் சனியன்தான் மிஸ். என் ஜவ்வே சரியில்லையாம். உங்களுது மாதிரி."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். மாடிப்படியில் பிள்ளைகள் நாள்தோறும் கேட்கிற குரல் அது. அவள் காலுக்கு அடியில் இருந்த தலையணையை நகர்த்திச் சரிசெய்தார். பிறகு, சும்மா பேச்சை மாற்றுவதற்காக, எப்படி விழுந்தாய் என்று கேட்டார். இத்தனை நாளில் அந்தப் பெண்ணிடம் அதை யாருமே கேட்டிருக்கவில்லை.

"பந்தைப் பார்த்தா பாவாடை பறக்குது மிஸ். பாவாடையைப் பார்த்தா பந்து போயிடுது. எதிர்ல எல்லாரும் உட்கார்ந்திருந்தாங்க. அதான் இறங்கும்போது ஒரு கையால அமுக்கிக்கிட்டு முட்டியைச் சேர்த்துக்கிட்டேன்."

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா வாசற்படியில் வந்து நின்றார். "நான்தான் டீச்சரம்மா சொல்லி அனுப்புவேன். காலைச் சேர்த்து வை, காலைச் சேர்த்து வைன்னு. பார்க்கிறவங்க ஒண்ணு சொல்லிடக் கூடாதேன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். பெட்டியின் சூட்டில் ஏதோ பாவாடை கருகுகிற வாசனை வந்தது. டீச்சர் போய்ப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

அடுத்த சில நாட்கள் டீச்சர் வேறு எதையும் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முட்டியை மட்டும் பார்த்தார். அணி கலைகிறது என்று அறிவிப்பு வரும் வரைக்கும் பயிற்சி நடக்கத்தான் போகிறது என்று வீம்பாக நடத்தினார். பாவாடையில் குதித்த பெண்கள் முட்டியை இடுக்கிக்கொண்டு இறங்கினார்கள். வீட்டிலிருந்து பழைய முழுக்கால்சட்டை போட்டு வாருங்கள் என்று சொல்லி, அதே பெண்களைக் குதிக்க வைத்தார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, பையன்கள் மாதிரியே இறங்கினார்கள். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். அவர் கேட்டுக்கொண்டு, "அதைத்தான் டீச்சர் அன்னைக்குச் சொல்ல வந்தேன். ஜவ்வு மெல்லிசா இருக்கிறது நிஜம்தான். ஆனா முட்டி உள்ளே சாய்ஞ்சு இறங்கினா தடிச்ச ஜவ்வும் கிழியும். மெல்லிசா இருக்கிறவங்களுக்கு இறங்குறதை இன்னும் நல்லாச் சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான். பாதியிலே டீ வந்துருச்சு" என்றார்.

டீ வந்துவிட்டதாம். ஒரு கோப்பை டீ ஓர் அணியையே முழுங்கப் பார்த்தது. டீச்சர் போனை வைத்துவிட்டு நேராகப் பையன்கள் கோச்சிடம் போனார். வாட்டசாட்டமான இளைஞன், எட்டி வளையத்தைத் தொடுவான், டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். டீச்சர் தன் தேவையைச் சொன்னதும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

"ஒரே ஒரு தரம் குதிடா தம்பி. பொண்ணு நானே பார்க்கிறேன்."

பையன்கள் ஆட்டத்தன்று சோபாக்கள் வழக்கம்போல வளையத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்தன. சோபாக்களில் தாளாளரும் குழுவும் வந்து உட்கார்ந்தார்கள். டீச்சர் டாக்டரம்மாவையும் கூப்பிட்டிருந்தார். ஒட்டடை ஊன்றுகோலோடு ஓரத்தில் நின்றாள். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் செயல்விளக்கம் என்று டீச்சர் அறிவித்தார். தாளாளர் தலையசைத்தார், செயல்விளக்கம் என்றால் அவருக்குப் பிடிக்கும். கோச் தன் வழக்கமான கால்சட்டையில் வந்து, திரும்பி வந்த பந்துக்குக் குதித்து, பூனை மாதிரி இறங்கினான். கைதட்டினார்கள். பிறகு தூணுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது மெரூன் பாவாடை கட்டியிருந்தான். உள்ளே கால்சட்டை இருந்தது, பெண்களுக்கும் பாவாடைக்குள் ஒரு குட்டிக் கால்சட்டை உண்டு. பையன்கள் பக்கத்திலிருந்து விசிலும் சிரிப்பும் கிளம்பின.

அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது, குதித்தான், பாவாடை விரிந்தது. அவ்வளவு பெரிய ஆள், அத்தனை வருஷம் ஆடியவன், ஒரு கையைப் பந்திலிருந்து எடுத்துப் பாவாடையை அமுக்கினான், முட்டி இரண்டையும் ஒட்ட வைத்துக்கொண்டு இறங்கினான். கால் பின்னியது. தள்ளாடிப் போய் தாளாளரின் டீ மேஜை மேல் விழுந்தான். கோப்பைகள் உருண்டன. நல்ல வேளையாக முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில்தான் சிராய்ப்பு.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழுவில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. டீச்சர் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"இவருக்கு எப்போ சார் வந்துச்சு பொம்பளை ஜவ்வு?"

டீ முழுக்கத் தரையில் கொட்டிக் கிடந்ததால் டாக்டரம்மாவை இந்தத் தடவை நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை. எழுந்து, அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து பிடித்து, மிச்சத்தைச் சொல்லி முடித்தார். மெல்லிய ஜவ்வை மறைக்கவில்லை, குறுகிய பள்ளத்தையும் மறைக்கவில்லை. இறங்குவதைப் பழக்கினால் பெருமளவு காப்பாற்றலாம் என்றார். தன்னிடம் வருகிற ஆண்களில் நூல் மாதிரி ஜவ்வு வைத்திருக்கிறவர்களும் உண்டு, அவர்களில் யாரையும் யாரும் சதுரங்கம் ஆடச் சொல்லி அனுப்பியதில்லை என்றார்.

டீச்சர் அதையெல்லாம் பாதிதான் கேட்டார். அவர் கண் இன்னும் அந்த இடத்திலேயே இருந்தது. கோச் பாவாடையை அமுக்கிய அந்தக் கை, இடுக்கிய அந்த முட்டி. பதினேழு வயதில், அந்த இறுதிப் போட்டியில், அவருக்கும் ஒரு கை பந்தில், ஒரு கை பாவாடையில். எதிரில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷமாகப் பந்து கைக்கு வந்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. அந்த இன்னொரு கையை மறந்தே போயிருந்தார். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. திருடனை விட்டுவிட்டு, அடிபட்டவளைப் பிடித்து முப்பத்துநான்கு வருஷம் திட்டியிருக்கிறோம் என்று அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று சொன்னார்.

அணி பிழைத்தது. குழுவினருக்கு வேறு வழியில்லை, இருநூறு பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். சுற்றறிக்கை அறிவிப்புப் பலகைக்கு வந்தது. 'மாணவிகளின் மென்மையான தசைநார்களைக் கருத்தில் கொண்டு, மருத்துவ ஆலோசனையின்படி, நிர்வாகம் கருணையுடன் கால்சட்டைக்கு அனுமதி அளிக்கிறது.' பாவாடை என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. சோபா இல்லை. ஜவ்வு கிழிந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி ஓர் எழுத்து இல்லை. கருணையாம். டீச்சர் அதைப் படித்துவிட்டுப் பலகையை ஒரு குத்து விட்டதில் கண்ணாடி அதிர்ந்தது. கோச் ஓடி வந்து, விடுங்க அக்கா, அதான் கால்சட்டை கிடைச்சிருச்சே என்று சமாதானம் சொன்னான். கிடைத்தது, ஆனால் பழியை மட்டும் பிள்ளைகள் முட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்றார் டீச்சர். அன்றைக்கே நான்கு பையன்களைக் கூப்பிட்டுச் சோபாக்களைத் தூக்கி மைதானத்தின் எதிர்மூலையில், நல்ல வெயிலில் போட வைத்தார். யார் சொன்னது என்று கேட்டால் மருத்துவ ஆலோசனை என்று சொல்லுங்கள் என்றார்.

பிள்ளைகள் புதுக் கால்சட்டையில் குதித்து இறங்கப் பழகினார்கள். ஆபரேஷன் முடிந்து ஒட்டடை பெஞ்சில் உட்கார்ந்தாள், காலில் கட்டுப் பட்டையோடு. அவளுக்கு இந்த வருஷ ஆட்டம் போனது போனதுதான். அதை எந்தச் சுற்றறிக்கையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு நாள் சின்னப் பெண் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியது. டீச்சர் ஐஸுக்காகப் படி ஏறினார். முதல் மாடித் திருப்பத்தில் முட்டி 'டக்' என்றது. டீச்சர் நின்றார், குனிந்தார், பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கையை அந்த முட்டியின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

படிக்கட்டின் கீழேயிருந்து ஒட்டடை அண்ணாந்து பார்த்தாள். "மிஸ், சத்தம் கேட்டுச்சே. இன்னைக்கு அதைத் திட்டலையா?"

"அது என்னடி பண்ணுச்சு, பாவம்."

ஒட்டடை குனிந்து தன் முட்டிமேல் இருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்தப் பிள்ளைக்குக் கால் வீங்குது, சீக்கிரம் வாங்க மிஸ் என்று குரல் கொடுத்தாள். டீச்சர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிச்சம் இருந்த இரண்டு மாடியையும் ஏறினார், கீழே அந்த அறையைப் பூட்டி வைத்தவனைத் திட்டிக்கொண்டே.